இல்லாத பூதத்துக்கு இலை போட்ட கதை

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் ஒரு பூதம் இருந்தது. ஆனால் பூதமே கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், குளிக்கப் போகிறவர்கள்தான் கொஞ்சம் பார்த்துப் பதமாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

பூதம் எங்கிருந்தோ வந்ததில்லை. வருஷா வருஷம் சிங்கராஜாவின் பிறந்தநாள் முடிந்ததும், மிச்சமான பிரியாணி, வெடிக்காத பட்டாசு, ராஜா சிரிக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாவற்றையும் அள்ளிக் குளத்தில் கொட்டுவது அந்தக் காட்டின் வழக்கம். அத்தனையையும் ஒரு கெளுத்தி மீன் தின்றது. தின்று தின்று எருமை அளவுக்கு ஆனது. அப்புறம் யானை அளவுக்கு ஆனது. அப்புறம் நாலு கால் முளைத்துக் கரையேறிவிட்டது. பேனராகத் தின்று வளர்ந்த உடம்பு என்பதால் அதன் முதுகில் ராஜாவின் சிரிப்பு அச்சாக விழுந்திருந்தது. பின்னே, அரசாங்கம் எப்படி ஒத்துக்கொள்ளும்?

குளத்தைத் தூர்வாரும் வேலையை ராஜாவின் மச்சான் கழுதைப்புலி எடுத்திருந்தது. ஒரு கூடை சேறுகூட வெளியே வரவில்லை. 'பணி முடிந்தது' என்ற போர்டு மட்டும் வந்தது. அதைத் திறந்துவைக்க அமைச்சர் நரி வந்திருந்தார். கரையில் பந்தல், மைக் செட், முன்வரிசையில் பள்ளிக்கூடத்துக் குட்டிகள். அந்த வரிசையில்தான் முள்ளம்பன்றி சொர்ணத்தாயின் ஒரே மகள் அரும்பு, மிட்டாய் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தாள்.

"இனி இந்தக் குளத்தில் குழந்தைகள் பயமில்லாமல் விளையாடலாம்!" என்றார் நரி.

அப்போது தண்ணீர் பிளந்தது. பூதம் எழுந்து, பந்தலுக்குள் தலையை நீட்டி, அரும்பையும் பக்கத்திலிருந்த போர்டையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் திரும்ப முங்கியது. கூட்டம் செருப்பை விட்டுவிட்டு ஓடியது. நரி மட்டும் ஓடவில்லை. நாற்காலிகளைப் பார்த்து மிச்சப் பேச்சையும் முடித்து, நன்றியுரையையும் தானே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

சொர்ணத்தாய் பந்தல் ஓரத்தில் நின்று அத்தனையையும் பார்த்தாள். கையில் மகளுக்குக் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் அவளும் புருஷன் பேச்சிமுத்துவும் நரி நடத்திய குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். பேச்சிமுத்து வீட்டில் வாய் கிழியப் பேசுவான். அதிகாரி முன்னால் தும்மக்கூட மாட்டான். அதனால் சொர்ணத்தாயே பேசினாள்.

"எம் மகளைப் பூதம் முழுங்கிருச்சுய்யா. நீங்களும் பார்த்தீங்களே!"

"நான் எதிரே இருந்த மக்களைப் பார்த்தேன்" என்றார் நரி. "சரி, உங்கள் மகள் இப்போது எங்கே?"

"பூதத்தோட வயித்துக்குள்ள."

"பூதமே இல்லாதபோது வயிறு எப்படியம்மா இருக்கும்? நிதானமாக யோசித்துப் பாருங்கள்."

சொர்ணத்தாய் நிதானமாகத்தான் யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான் வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் பேச்சிமுத்து, "ஐயா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்றான். வீடு வந்து சேரும்வரை அவள் அவனோடு பேசவில்லை. வீடு வந்ததும் பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

இனி அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆள். குளத்துக்கு அந்தப் பக்கம் இலுப்பை மரத்தடி வளையில் இருந்த தம்பி தவசி. யாரோ சுற்றுலாக்காரர் தவறவிட்ட செல்போன் ஒன்று அவனிடம் இருந்தது. அதில் தமிழில் பேசுகிற கொரியப் பூதப் படம் ஒன்றும் இருந்தது. ராப்பகலாக அதையே பார்த்து, பூத விஷயத்தில் காட்டிலேயே படித்தவன் என்று பெயர் எடுத்திருந்தான். ஆனால் ஒரு சிக்கல். அரும்பின் காதுகுத்துக்கு அவனை நேரில் வந்து அழைக்காமல், குரங்கு மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவதாவது? அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

சொர்ணத்தாய் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு புருஷனோடு போனாள்.

"லே தவசி, அரும்பைப் பூதம் முழுங்கிருச்சுடா."

"கேள்விப்பட்டேன்" என்றான் தவசி, எங்கோ பார்த்துக்கொண்டு. "ஊரெல்லாம் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. மாமன்காரனுக்கு முதல்ல சொல்லணும்னு யாருக்கும் தோணலை."

"அதான் இப்ப முறையா வந்திருக்கோம். நீ வந்து பூதத்தை அடிச்சுத் தரணும். நீ வந்துதான் நடத்தி வைக்கணும்." சொர்ணத்தாய் தட்டை நீட்டினாள்.

தவசி தட்டை வாங்கிக்கொண்டான். பிறகுதான் அவனுக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே போனை எடுத்தான்.

"கொரியாக்காரன் பூதப் படம் எடுத்தா, அதுல பூதம் கால்வாசிதான் அக்கா. முக்காவாசி குடும்பச் சண்டை. நடுநடுவுல கவர்மென்ட்டை வாரு வாருன்னு வாருவான். பயமா இருக்கும், சிரிப்பும் வரும், எங்க எது வரும்னே சொல்ல முடியாது."

"கடைசியில பிள்ளை கிடைச்சிருமா?"

தவசி போனைப் பார்த்தான். "அந்த இடம் வர்றதுக்குள்ள எப்பவும் சார்ஜ் போயிருது" என்றான்.

மூவரும் குளக்கரைக்குப் புறப்பட்டார்கள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று தவசி அதிலேயே இரண்டு வெற்றிலையும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்திருந்தான். அதனால் சொர்ணத்தாய் பூதத்தோடு சண்டைக்குப் போகும்போதும் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. தவசி ஒரு பந்தம் கொண்டுவந்தான். நெருப்பைக் காட்டினால் பூதம் வாயைத் திறக்கும், உடனே உள்ளே இருப்பதை இழுத்துவிடலாம் என்பது திட்டம்.

பூதம் கரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. முதுகில் ராஜா சிரித்தார்.

"கொளுத்துங்க அத்தான்" என்றான் தவசி.

"தீப்பெட்டி கொடுங்க மாப்ளே" என்றான் பேச்சிமுத்து.

"நான் எதுக்குக் கொண்டாரணும்? கூப்பிட்டவங்க நீங்க. விருந்தாளிய வரச்சொல்லிட்டுத் தீப்பெட்டியும் அவனே எடுத்துட்டு வரணுமா?"

"உங்க அக்கா எடுத்திருப்பான்னு நெனச்சேன்."

"ஆமா, எல்லாத்தையும் நானே நெனைக்கணும்!" என்று சொர்ணத்தாய் கத்தினாள்.

சத்தத்தில் பூதம் கண் விழித்தது. எழுந்தது. அது வாயைத் திறந்ததும் அழுகின பிரியாணி வாடையும், கூடவே ஒரு சின்னக் குரலும் வந்தன.

"அம்மா! சண்டை போடாதீங்க! இங்க ஒரு ஆமைத் தாத்தா இருக்காரு. அமாவாசை வந்தா எல்லாரும் கரைஞ்சிருவோமாம்!"

வாய் மூடிக்கொண்டது. அமாவாசை நாளைக்கு. தம்பி ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தான். புருஷன் தம்பிக்குப் பின்னால் இருந்தான். பூதத்தின் மூக்குக்கு நேரே அவள் மட்டும் கையில் தட்டோடு நின்றாள். ஓட வேண்டும் என்று நினைத்தாள், கால் வரவில்லை. மகளைக் கொடு என்று கத்த வேண்டும் என்று நினைத்தாள், அந்த வார்த்தையும் வரவில்லை. ஆயுசு முழுக்க எதிரே யார் வந்து நின்றாலும் எது வாயில் வந்ததோ, அதுதான் வந்தது.

"வாங்க" என்றாள் தட்டை நீட்டி. "வீட்டுக்கு வந்து ஒருவாய் சாப்பிட்டுத்தான் போகணும். குடும்பத்தோட வரணும்."

மரத்துக்குப் பின்னால் தவசி தலையில் அடித்துக்கொண்டான்.

பூதம் தட்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. "என்னையா?" என்றது. "என்னை இதுவரைக்கும் யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்லையேம்மா. எனக்குக் குடும்பமும் கிடையாது."

"அதனாலென்ன, தனியா வாங்க."

பூதத்தின் கண்ணிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. வெற்றிலையைத் தட்டோடு தின்றுவிட்டு அவள் பின்னால் நடந்தது. நடக்க நடக்கத்தான் சொர்ணத்தாய்க்குத் தான் செய்த காரியம் உறைத்தது. வீட்டில் பூதத்துக்குப் போட என்ன இருக்கிறது என்ற கவலை அதற்கும் முன்னால் வந்துவிட்டது.

வளைக்கு முன்னால் வாழை இலைகளை வரிசையாகச் சேர்த்துப் பந்தி போட்டார்கள். அக்கம்பக்கத்தில் பயந்துகொண்டே ஆளுக்கொரு அண்டா கொடுத்தார்கள். மரவள்ளிக் கிழங்கு, சேனைக் கிழங்கு, பலாக்கொட்டை, தினைச் சோறு. பூதம் ஒரே வாயில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "திருப்தி" என்று எழுந்திருக்கப் பார்த்தது. அந்தக் குடும்பத்தை அதற்குத் தெரியாது.

"அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி?" என்றாள் சொர்ணத்தாய். "சமையல் பிடிக்கலையா?"

"ஐயோ, பிரமாதம்."

"அப்ப இன்னும் ஒரு அண்டா வச்சுக்கோங்க."

பேச்சிமுத்துவுக்கும் எங்கிருந்தோ உயிர் வந்தது. போர்க்களத்தில் உதவாதவன், பந்தி விசாரிப்பில் சூரன். "இந்த இலைக்குச் சேனை கொண்டா! சாருக்கு ரசம் ஊத்து! கூச்சப்படாமச் சாப்பிடுங்க!" என்று அங்குமிங்கும் ஓடினான். பூதம் "போதும்" என்றது. இலையை மறைத்துக் குனிந்தது. குனிந்த பிடரி வழியாகவே ஒரு கரண்டி விழுந்தது. மாமனுக்கு முன்னால் பூதத்துக்குப் பரிமாறியதில் தவசிக்கு மனவருத்தம். ஆனாலும் அவனும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, "என் கையால ஒண்ணு வாங்கலைன்னா எனக்குக் கோபம் வந்துரும்" என்றான்.

பூதத்துக்கு வயிறு தரையைத் தொட்டது. கண் பிதுங்கியது. எந்த வேட்டைக்காரனுக்கும் பயப்படாத அது, அந்தக் கரண்டியைப் பார்த்துப் பின்வாங்கியது. ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. கக்கினால் மகளும் சேர்ந்து வந்துவிடுவாள் என்று சொர்ணத்தாய் பார்த்தாள், உள்ளே போனது ஒன்றும் வெளியே வரவில்லை. அண்டாக்கள் காலி. வீட்டில் இனி இருந்தது ஒன்றே ஒன்று. அரும்பு பள்ளிவிட்டு வந்தால் தின்பதற்கென்று சாம்பலில் சுட்டு, உறியில் எடுத்துவைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. விழாவுக்குப் போன அன்று வைத்தது. அதைத் தொட அவளுக்கு மனசே வரவில்லை. அழுதுகொண்டே எடுத்து வந்தாள்.

"இது எம் மகளுக்கு வச்ச கிழங்கு. இதையும் நீங்களே சாப்பிடுங்க."

பூதத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்மா! அது எனக்கு வச்சது!"

முள்ளம்பன்றிக் குட்டிகளின் குணம் இது. பயம் வந்தால் சுருண்டு தூங்கிவிடும். கோபம் வந்தால்தான் முள் நிற்கும். விழுங்கப்பட்டபோதுகூடத் தூங்கிய அரும்புக்கு, தன் கிழங்கை வேறு யாருக்கோ கொடுக்கிறார்கள் என்றதும் உடம்பில் இருந்த அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் நின்றன. பூதம் ஒரு முறை துள்ளியது. அடுத்து, வாய் திறந்தது.

முதலில் தின்ற சோறும் கிழங்கும் வந்தன. பிறகு ராஜாவின் பேனர்கள் வந்தன, 'பணி முடிந்தது' போர்டு வந்தது, ஆமைத் தாத்தா வந்தார். கடைசியாக அரும்பு வந்து விழுந்து, அம்மாவைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த கிழங்கைத்தான் முதலில் பிடுங்கினாள். சொர்ணத்தாய் அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். முள் குத்தி ரத்தம் வந்தது. விடவில்லை.

பூதம் தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கியது. சொர்ணத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவமே, எல்லாம் வெளிய வந்துருச்சே! வயிறு காலியா இருக்குமே. இருங்க, ரெண்டு வாய் கஞ்சி வைக்கிறேன்."

பூதம் அலறிய அலறலில் மலையே அதிர்ந்தது. எழுந்து ஓடியது. குளத்தைத் தாண்டி, மலையைத் தாண்டி, காட்டைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே குளக்கரையில் மறுபடி பந்தல், மறுபடி மைக் செட். நரி சொர்ணத்தாயை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். முள்ளில் மாட்டிச் சால்வை கிழிந்தது.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார். "இந்தக் குளத்தில் பூதம் இருக்கிறதா?"

சொர்ணத்தாய் குளத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் மிட்டாய்க்குக் காத்திருந்த அரும்பைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இல்லீங்க" என்றாள்.

"நாங்கள் அன்றைக்கே சொன்னோமே!" என்றார் நரி. கூட்டம் கைதட்டியது. பந்தலுக்குப் பின்னால் ராஜாவின் புதுப் பேனர்களைக் குளத்தில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். தவசி மட்டும் கைதட்டவில்லை. விழாவுக்கு அவனை யாரும் நேரில் வந்து அழைக்கவில்லை.

நீதி: அரசாங்கம் ஒருநாளும் பொய் சொல்லாது, அது சொன்னதை உண்மையாக்கும் வேலையைத்தான் நம் வீட்டுப் பெண்களிடம் விட்டுவைத்திருக்கிறது.