பதினேழாம் எண்

நாற்பது பேரில் பதினேழாம் எண் மட்டும் ஒத்துவரவில்லை.

ஆய்வு எளிமையானதுதான். ஆரோக்கியமான நாற்பது பேரின் ரத்தத்தில் விட்டமின் டி எவ்வளவு என்று பழைய முறையிலும் புதுக் கருவியிலும் அளந்து ஒப்பிட வேண்டும். ஆளுக்கு இரண்டு குழாய் ரத்தம். முதல் குழாய் பழைய முறைக்கு, இரண்டாவது புதுக் கருவிக்கு. முப்பத்தொன்பது பேருக்கு இரண்டு விடைகளும் அண்ணன் தம்பி போல ஒட்டி நின்றன. பதினேழுக்குப் பழைய முறை ஒன்பது என்றது. புதுக் கருவி ஐம்பத்தேழு என்றது.

பதினேழாம் எண், ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஆய்வாளரேதான். ஆள் குறைந்ததால் அவளும் கணவரும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

ஆறு மாதமாக அவளுக்குக் களைப்பு. மாடிப்படியில் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டவள் போல நடிப்பாள். கணவர் அதைச் சோம்பல் என்றார்.

"ரத்தத்துல குறைவுன்னு வரட்டும். மூணு மாசம் காலையில நான் எழுந்து சமைக்கிறேன், பிள்ளைங்கள கிளப்பி விடறேன். போதுமா?"

ஒன்பது என்றால் குறைவு. ஐம்பத்தேழு என்றால் தாராளம்.

"புதுசு பொய் சொல்லுமா?" என்றார், பதினெட்டாம் எண்ணாகிய கணவர். அவருக்கு இரண்டிலும் ஐம்பத்தெட்டு. "என்னைவிட ஒண்ணுதான் கம்மி. அந்த ஒண்ணுக்கு வேணும்னா நாளைக்கு ஒரு காபி போட்டுத் தரேன்."

அதே குழாய்களை அவள் மறுபடி அளந்தாள். மாறவில்லை. புதுக் கருவியின் அளவைத் திருத்தினாள். பதினேழு அறுபதுக்கு ஏறியது. ஒழுங்காக இருந்த முப்பத்தொன்பதும் கூடவே தடம் புரண்டன. எல்லாவற்றையும் பழையபடி நிறுத்த ஒரு நாள் போயிற்று.

கருவி தவறாக இருக்க வேண்டும் என்று மனம் வேண்டிக்கொண்டே இருந்தது. ஒப்பிடுகிறவள் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால், சாய எங்கேயாவது ஓர் இடம் வேண்டியிருந்தது.

"புதுசா ரத்தம் எடுங்க," என்றார் ஆய்வக மேலாளர். "பதினெட்டையும் கூப்பிடும்மா. பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு இருபது வருட அனுபவம். "உக்காரு கண்ணு. கையை நீட்டு." நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவளுக்குக் கண் செருகியது. விழித்தபோது குழாய்கள் எண் ஒட்டப்பட்டு வரிசையாக நின்றன. கணவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கம்பீரமாகக் காத்திருந்தார்.

பழைய முறை: எட்டு. புதுக் கருவி: ஐம்பத்தெட்டு.

"இப்ப ஒண்ணுகூட கம்மியில்ல," என்றார் கணவர். "காபியும் கிடையாது."

மேலாளர் நெற்றியைத் தடவினார். "தப்பு கருவியில இல்லம்மா, உன் ரத்தத்துல இருக்கு. ஏதோ அபூர்வ ரகம். மேலிடத்துக்கு எழுதிட்டேன். இனி வாரா வாரம் உன்கிட்ட பத்துக் குழாய் எடுக்கணுமாம்."

"பத்தா!" வாசலில் நின்ற அக்கா தட்டோடு உள்ளே வந்துவிட்டார். "சார், ரெண்டு தடவையும் இந்தப் பொண்ணு அசந்து தூங்கிடுச்சு, ஒரு குழாயோட ரத்தமும் நின்னுபோச்சு. மறுபடி குத்தி எழுப்ப மனசு வராம ரெண்டாவது குழாயை வீட்டுக்காரர்கிட்டயே எடுத்து நிரப்பிட்டேன். ஒரே வீட்டுச் சாப்பாடுதானே, யார் ரத்தமா இருந்தா என்ன?"