மூன்று நூலகங்களுக்கும் ஒரே லீவு

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனபின், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னால்தான் ஒரு வியாழக்கிழமை மூன்று நூலகங்கள் திறக்கப்படாமல் கிடந்தன.

வாவியோரத்துச் சிறு நூலகங்கள் மூன்றின் நிருவாக வேலைகளையும் ஒன்றாக்கி, ‘பொது நிருவாகம்’ என்ற பெயரில் புளியந்தீவில் ஓர் அறையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். மூன்று பேரின் லீவும் என் கணினி வழியாகத்தான். ஒருவர் லீவு எடுத்தால் பதில் கடமைக்கு இன்னொரு நூலகக்காரரின் பெயரைப் போட வேண்டும். அவர் காலையில் லீவுக்காரரின் நூலகத்தையும் பின்னேரம் தன்னுடையதையும் திறப்பார். அந்தப் பெயருக்கான கட்டம் காலியாக இல்லைதானே என்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். (எழுத்துப் பிழைகூடத் திருத்தினேன்!)

அன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல் திருகோணமலையிலிருந்து வந்த எங்கள் மேலதிகாரி, பணிப்பாளர், எனக்குப் போன் எடுத்தார்.

“மிஸ், நூலகம் பூட்டிக் கிடக்கே?”

“இப்ப ஆள் வந்திருவார் சேர்!”

உடனே அந்த நூலகத்துச் சிவமலர் அக்காவுக்கு அடித்தேன். கோயில் மணிச் சத்தம். “களுதாவளைக் கோயில்ல நேத்திக்கடனுக்கு நிக்கன் கா. றிஸ்வான் தம்பி பாப்பார்தானே?”

இரண்டாவது நூலகத்து றிஸ்வான் தங்கையின் கல்யாண வீட்டில் நின்றார். “யோகன் அண்ணன் இரிக்கார்தானே மிஸ்?”

மூன்றாவது நூலகத்து யோகன் அண்ணர் வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டிக்கொண்டிருந்தார். மிசின் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்: “சிவமலர் அக்காட்டக் கேளுங்க!”

கணினியில் மூன்று விண்ணப்பங்களையும் அருகருகே திறந்தேன்: பதில் கடமைக்கு ஒருவர் பெயரை ஒருவர் போட்டிருந்தார்கள், மூன்று லீவும் அதே வியாழக்கிழமை. போன் மறுபடி அடித்தது.

“நாங்க அடுத்த நூலகத்துக்குப் போறம்.”

“வேணாம் சேர்!”

“ஏன்?”

“அங்க… சரியான வெயில் சேர்.”

மூன்று நூலகச் சாவிகளும் கோர்த்த திறப்புக் கொத்தைப் பொறுக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். கல்லடிப் பாலத்தில் எதிர்காற்று. உத்தியோகம் போகிறதா, உயிர் போகிறதா என்று தெரியவில்லை. இரண்டாவது நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பணிப்பாளரும் அவர் அழைத்து வந்த விருந்தினர்களும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவசரத்தில் திறப்பு இரண்டு தரம் கீழே விழுந்தது. ஒரு விருந்தினர்தான் பூட்டைத் திறந்து தந்தார்.

“மூண்டாவது நூலகம்?” என்றார் பணிப்பாளர்.

“அதுவும்தான் சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொது நிருவாகம் எண்டுதான் சொன்னம் மிஸ். பொது லீவு எண்டு சொல்லல்லயே?”

விருந்தினர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் வந்தது. அன்று மாலைவரை அங்கேயே இருந்து, வந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தேன். வேலை எப்படியோ தப்பியது.

வீட்டில்தான் தப்பவில்லை. போன ஞாயிறு, மகள் உலை வைத்திருப்பாள் என்று நான் இருந்தேன். அப்பா கடையில் வாங்கி வருவார் என்று அவள் இருந்தாள். நான் சமைத்திருப்பேன் என்று நம்பி என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெறும் சோற்றுக் கோப்பையை ஒருகணம் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்:

“அப்பா, எங்கட வீடும் அம்மாட பொது நிருவாகத்தில சேந்திட்டு!”