பொட்டு வைக்காத கார்

ஓசூர்,
ஹேவிளம்பி வருஷம், புரட்டாசி மாதம்,
ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

சேலம் ஜில்லா கோர்ட்டின் தூண்கள் எந்த வாலிபன் வாய் திறப்பான் என்று காத்துக் கிடக்கின்றனவோ அந்த ஜூனியர் வக்கீலும், என் தங்கை பூவம்மாள் பெற்ற தவக்கொழுந்தும், ஏழு வயதில் என் மூக்குக்கண்ணாடியை ஆட்டுக்கு மாட்டி அழகு பார்த்தவனுமாகிய மருமகன் சிரஞ்சீவி முனிவேலுக்குத் தாய்மாமன் நாராயணப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், உன் அத்தை சென்னம்மாள், எருமைகள் இரண்டு, யாவரும் சுகம். கார் சுகமில்லை. உன் சுகத்தைச் சாவகாசமாக எழுது. ஆனால் இந்தக் கடிதத்துக்கு மட்டும் தந்தியில் பதில் கொடு. உன் அத்தையின் பாரூர்த் தோட்டம் மீளுமா மீளாதா என்பது அதில்தான் இருக்கிறது.

அந்தத் தோட்டத்தை அடகு வைத்து, அதன் கரும்பையும் விழுங்கித்தான் இந்தக் கார் சித்திரையில் பெங்களூர் கண்டோன்மென்ட் கம்பெனியிலிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியும். வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. அத்திப்பள்ளிக்கு இப்பால் இரண்டு ஜோடி எருது கட்டி இழுத்து வந்தோம், எருதுகள் அவமானம் தாங்காமல் இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. வெளியே மழை தூறினால் உள்ளே கொட்டும். ஒரு நாள் பின் ஸீட்டில் ஒரு தவளை உட்கார்ந்துகொண்டு என்னை டிரைவர் என்று நினைத்து முறைத்தது. கிருஷ்ணகிரிக்குப் போய் வர எனக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும், ரேடியேட்டருக்கு ஏரியைத் திருப்பிவிட வேண்டும். ஹார்ன் நான் அமுக்கினால் மௌன விரதம். போலீஸ்காரரைக் கண்டால் தானாக அலறும். ஐந்து மாதத்தில் ஆறு தடவை கம்பெனிக்குப் போனேன். ஆறு தடவையும் ஒரு துணியால் துடைத்து, "புது வண்டி சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். அடே அப்பா, ஓடினால்தானே!

பிறகுதான் நீ சட்டம் எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறேன். சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்றவன் சொன்ன குணம் சரக்கில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லப் பாத்தியதை உண்டு. வேண்டாம் என்று ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டால் போதும், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நம் கடமையில்லை, அவனே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு சொந்தக்காரன் மாதிரி அதில் ஒரு காரியமும் செய்யக்கூடாது, செய்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று எழுதியிருந்தாய். எழுதிப் போட்டேன். கம்பெனியும் பதில் போட்டது: விஜயதசமிக்கு மறுநாள் அவர்கள் இன்ஸ்பெக்டர் வருவாராம், சொந்தக்காரனாக நடந்துகொண்ட அடையாளம் ஒன்று தென்பட்டாலும் வண்டியைத் தொடமாட்டாராம். அன்றிலிருந்து பதினெட்டு நாளாக நான் அந்தக் காரை ஒரு பரஸ்திரீயைப் போலத் தூரத்திலிருந்தே பார்க்கிறேன். மேலே காக்காய் உட்கார்ந்தால்கூட விரட்டுவதில்லை. விரட்டினால் சொந்தக்காரன் என்று ஆகிவிட்டால்?

ஊர் சும்மா விடுகிறதா? நேற்றுக் காலையில் புளி மண்டி நசருல்லா வந்தார்.

"அண்ணே, தங்கச்சி ஷரீஃபுன்னிசாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைய பஸ் ஸ்டாண்டுலருந்து கூட்டியாரணும். வண்டியக் குடுங்கண்ணே."

"பாய், அது என் வண்டி இல்ல."

"உங்க வாசல்லதான நிக்குது? நீங்கதான தெனமும் திட்டுறீங்க?"

"திட்டலாம். ஓட்டக்கூடாது. சட்டம்."

"நாங்க ஓட்டலண்ணே. தள்ளிக்கிட்டே போறோம். இதுவரைக்கும் அப்படித்தான போயிருக்குது?"

அவரையாவது டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். உன் அத்தையை எங்கே அனுப்புவது? நாளை ஆயுத பூஜை. சந்தனம் அரைத்தாகிவிட்டது, சாமந்தி வந்தாகிவிட்டது, சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் முறத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"தையல் மிஷினு, மாட்டுவண்டி, பொடுகு சீவுற சீப்பு வரைக்கும் பொட்டு வெச்சிக்கும். வாசல்ல இவ்ளோ பெருசா நிக்கிறது மட்டும் மொட்டையா நிக்கணுமா? குடும்பத்துக்கு ஆகுமா?" என்கிறாள்.

"அடியே, அது அடுத்தவன் வண்டிடி."

"அப்ப எந்தோட்டம் யாருது?"

உடனே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆகவே முனிவேலு, ஒரே கேள்வி. சந்தனம் வைப்பது சொந்தக்காரன் செய்யும் காரியமா, பக்தன் செய்யும் காரியமா? ஒரு பொட்டுக்கு ஒரு தோட்டம் போகுமா? எலுமிச்சம்பழம் நசுங்க நாலு விரற்கடை உருட்டினால் அது ஓட்டியதாகுமா? தந்தி வரும்வரை முறத்துக்கும் காருக்கும் நடுவில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் பிணத்தின் மேல்தான் சாமந்தி விழும்.

உன் வாதம் வெல்க, உன் சீனியரின் தொண்டை அடைக்க, பெரிய கேஸெல்லாம் உன் கைக்கு வர, குலதெய்வம் துணை நிற்கட்டும். பூவம்மாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வாகனம் இருந்தும் நடந்தே போகும்,
நாராயணப்பன்.

பின்குறிப்பு: தபாலாபீஸ் லீவு, ஆகவே இது இன்னும் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இன்று விஜயதசமி. பூஜையன்று நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை, ஜெயித்தேன். இன்று காலை, ஒரு நாள் முன்னதாகவே இன்ஸ்பெக்டர் புட்டசாமி வந்துவிட்டார். காரைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "ஏன் சுவாமி, காரிகே பூஜே மாடில்வா?" என்று கன்னடத்தில் பதறினார், பூஜை செய்யவில்லையா என்று. கம்பெனி காருக்கு நான் ஏன் பூஜை செய்ய வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, உன் அத்தையிடம் சந்தனம் வாங்கி, தன் கையாலேயே மூன்று பொட்டு வைத்து, சாமந்தி சார்த்தி, கம்பெனி சார்பில் தேங்காயும் உடைத்தார். உடைமை அவர்கள் பக்கம் போயே விட்டது! பணம் திருப்பிக் கொடுக்கிறோம் என்று காகிதமும் நீட்டினார். நான் கையெழுத்துப் போடுமுன், பழம் நசுக்க ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினார். முனிவேலு, ஐந்து மாதத்தில் நான் கேட்காத சத்தம். வீணை. நாலு பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. பளபளவென்று மாலையோடு அது என் வாசலைவிட்டு நகர்வதைப் பார்த்ததும், "இறங்குய்யா கீழ! அது என் வண்டி!" என்று இருபது பேர் முன்னால் கத்திவிட்டேன். புட்டசாமி அதை அப்படியே எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டார்.

ஆகவே மேலே கண்ட யாவும் ரத்து. தந்தி வேண்டாம். இதைப் பென்சிலில் எழுதுவது சூளகிரிச் சந்தைக்கு எதிரில், வண்டிக்குள்ளிருந்து. எஞ்சின் நின்று ஒரு மணி நேரமாகிறது. இன்று புதிதாக ஒரு கோளாறும் சேர்ந்திருக்கிறது, பின் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டாம். பின் ஸீட்டில் உன் அத்தை இருக்கிறாள்.