எல்லாருக்கும் ஊர் கண்டுபிடித்த எவடம் ஐயா

தலைநகரின் வெள்ளவத்தையில் எந்தத் தமிழனையும் மூன்றே கேள்வியில் தன் சொந்தக்காரனாக்கிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தொடர்மாடியில்தான் குடியிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் அவர் வீட்டுக் கதவில் பித்தளையில் பளபளத்தது. அதை யாரும் வாசித்ததில்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அவர் ‘எவடம்’ ஐயா.

எந்த இடம் என்பதுதான் எவடம்; அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். வணக்கம், சுகம் எல்லாம் பிறகு. “தம்பி எவடம்?” ஊரைச் சொன்னால், ஊரில் எவடம், கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ, எந்த ஒழுங்கை என்று நீளும். ஊர் தெரிந்தால் ஆளைப் பாதி தெரியும், ஒழுங்கை தெரிந்தால் மீதியும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. அந்த மீதியில் சாதியும் அடக்கம். அதை அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

நான் குடிவந்த அன்று கட்டிலைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மறித்தார்.

“தம்பி எவடம்?”

“இங்க பக்கத்திலதான், கொட்டாஞ்சேனை.”

“அது இருந்த இடம். நான் கேட்டது ஊர்.”

“பிறந்ததே அங்கதான் ஐயா. அப்பாவும் அங்கதான்.”

அவர் முகம் வாடிவிட்டது. கட்டில் கால் என் தோளை அழுத்திக்கொண்டிருக்க, என் வம்சத்தைப் பின்னோக்கித் தோண்டினார். கடைசியில் அப்பாவின் சித்தப்பா வடக்கே வேலணையில் கலியாணம் முடித்த செய்தி வெளியே வந்தது.

“வேலணை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப நீர் எனக்கு மருமகன் முறை” என்றார். அதன் பிறகுதான் கட்டிலில் கை வைத்தார்.

இந்தச் சொந்தங்களை வைத்து அவர் சாதித்தது கொஞ்சமல்ல. கேஸ் சிலிண்டருக்கு நகரமே வரிசையில் நின்ற காலத்தில், கடைக்காரரின் மாமனாரும் தானும் ஒரே ஊர்க் கோயிலில் காவடி எடுத்ததை நினைவூட்டி, எங்கள் மாடிக்குச் சிலிண்டர் இறக்கினார். சிங்களத்தில் அவருக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே வசனம் ‘கம கொஹெத’, அதாவது ஊர் எது. அதைக் கொண்டே ஓட்டோக்காரர்களைச் சிநேகிதமாக்குவார். கிருலப்பனைக்குப் போக ஏறியவர், ஓட்டோக்காரரின் மாத்தறை ஊர்க்கதை கேட்ட சுவாரசியத்தில் தெகிவளையில் போய் இறங்கிய நாட்களும் உண்டு.

ஒருமுறை நெஞ்சுநோவென்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். இளம் டொக்டர் குனிந்து, “எவடம் ஐயா நோகுது?” என்றார்.

“அது பிறகு பாப்பம். டொக்டர் எவடம்?”

டொக்டர் புங்குடுதீவு. ஈசீஜி எடுத்து முடிவதற்குள் டொக்டருக்குப் பெண் பேசியாயிற்று.

ஐயாவுக்குப் பிடிபடாமல் போன ஒரே ஆள், மேல் மாடிக்குத் தகப்பனோடு குடிவந்த புஷ்பா டீச்சர். ஹெவ்லொக் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்.

“பிள்ளை எவடம்?”

“டிக்கோயாங்க. மலையில தேயிலை எஸ்டேட்டு.”

“அதுக்கு முந்தி?”

“முந்தியும் எஸ்டேட்டுதாங்க. வேற எஸ்டேட்டு.”

“அங்க எனக்கு ஒருத்தரும் இல்லையே” என்றார் ஐயா, பிழை டீச்சருடையது போல.

அதற்குப் பிறகு அவர்களோடு எப்படிக் கதைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கோபமில்லை, வெறுப்பில்லை. முறை தெரியாத மனிதரோடு கதைத்து அவருக்குப் பழக்கமில்லை. டீச்சரின் தகப்பன் வெள்ளவத்தை வெக்கையிலும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்து கையசைப்பார். ஐயா அரைக் கை தூக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். மாடியில் மற்றவர்களும் ஐயாவைப் பார்த்துத்தான் நடந்தார்கள். பிறந்தநாள் அழைப்புகள் மேல் மாடிக்கு ஏறவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் தகப்பன் இறந்துபோனார். மலையில் மண்சரிவு; பாதை அடைபட்டு, உறவுகள் வழியில் நின்றுவிட்டார்கள். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் பெரிய மண்டபத்தில் டீச்சரும், கூடப் படிப்பிக்கும் இரண்டு பேரும், நானும் மட்டும். ஐயா வந்தார். வெறும் கதிரைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார். காது மந்தமென்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். முதல் அழைப்பு கேஸ் கடைக்காரருக்கு.

“ஒரு செத்தவீடு. உடன வெளிக்கிட்டு வா.”

“ஆர் மாமா? எவடம்?”

ஐயா போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்தார். “எங்கட ஆள்.”

“எங்கட ஆளெண்டா, எவடம்?”

“எங்கட மேல் வீடு. செத்த மனுசனையும் எவடம் எண்டு கேப்பியோ? நீயெல்லாம் ஒரு மனுசனோ?”

இதைச் சொன்னது அவரேதான். பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

ஒரு மணித்தியாலத்துக்குள் மண்டபம் நிறைந்தது. கேஸ் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். புங்குடுதீவு டொக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வந்தார். இறந்தவரை ஒருவருக்கும் தெரியாது. வேறு வேலையில்லாததால் பக்கத்துக் கதிரைக்காரரிடம் ஊர் விசாரித்தார்கள். அதில் இரண்டு பேர் மச்சான் முறையென்று தெரியவந்து கட்டிப்பிடித்தார்கள். ஐயா பெட்டியின் தலைமாட்டில் நின்று எல்லாருடைய அனுதாபத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தார்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “இவங்கள்லாம் யாருங்க?”

“சொந்தக்காரர்தான் பிள்ளை. எப்பிடியெண்டு பிறகு விசாரிப்பம்.”

அதுவரை அழாமல் இருந்த டீச்சர் அப்போதுதான் அழுதார்.

பாதை திறந்ததும் அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஐயாவும் கூடப் போனார். கோட்டை ஸ்டேஷனில் உத்தியோக காலம் முழுக்க, டிக்கோயாவுக்குப் போக இறங்கும் ஹட்டனுக்கு டிக்கெட் கொடுத்தவர், வாழ்க்கையில் முதன்முறையாக ஹட்டனுக்கு ரயிலேறினார். திரும்பி வரும்போது ஒரு மூட்டை லீக்ஸும் தலையில் ஒரு கம்பளித் தொப்பியும் இருந்தன. மறுநாளே சாப்பாட்டுக் கடையில் பரிமாற வந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

“டிக்கோயாவெண்டால், மேல் டிவிஷனோ கீழ் டிவிஷனோ?”

“மேல் டிவிஷனுங்க.”

“லயத்து வீடுகளுக்குப் பின்னால மாரியம்மன் கோயில். தெரியும். எங்களுக்கு அங்க ஆக்கள் இருக்கினம்” என்று என் பக்கம் திரும்பினார். அந்தப் பெருமையை வேலணைக்குக்கூட அவர் காட்டியதில்லை.

ஐயா காலமாகிவிட்டார். அவர் வீட்டில் இப்போது புதிதாக ஒரு குடும்பம். நல்ல மனிதர்கள் போலத்தான் தெரிகிறது. லிப்டில் கண்டால் தலையசைப்பார்கள், நானும் அசைப்பேன். அவர் இருந்திருந்தால், சாமான் ஏற்றி முடிவதற்குள் அவர்கள் எனக்கு உறவாகியிருப்பார்கள்.