தொம்போலாவில் போன பெட்டிகள்

"இப்பொருள் சேகரிப்பாளருக்குச் சொந்தமானது. 2009 போகியன்று வாங்கப்பட்டது. இரவல் பெறுபவர் கீழ்க்கண்ட முகவரியில் தவறாமல் திருப்பித் தரவும். தராதவர் தம் மனசாட்சிக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும்."

ஒரு கார்ப் பந்தய வீடியோ கேம் டப்பாவின் உள்மூடியில் நான் ஒட்டிய சீட்டு இது. கீழே என் பெயரும் புதுச்சேரியில் உள்ள எங்கள் வீட்டு முகவரியும் இருக்கும். என்னிடம் உள்ள ஒவ்வொரு டப்பாவிலும் இதே வாசகம்தான், நாள் மட்டும் மாறும். ஊரே பழையதைக் கழிக்கிற போகியன்று நான் ஒரு டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். என் குணம் முழுவதும் அந்த ஒரு தகவலிலேயே இருக்கிறது. இருந்தாலும் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். நட்டு, போல்ட்டு எது வந்தாலும் வந்த நாளை எழுதி ஒட்டுவது என் தொழில். அதுவே வீட்டிலும் தொற்றிக்கொண்டது. ஓய்வு நேரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் வரலாற்றை எழுதுகிறேன். (கோயில் மணி எந்த ஆண்டு வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே சில வருடங்கள் ஆயின. கண்டுபிடித்துச் சொன்னபோது பங்குச் சாமியார், "அப்படியா, சாப்டீங்களா?" என்று கேட்டார்.)

வீடியோ கேம் சேர்த்தது பள்ளி நாளிலிருந்து. முதலில் டிவியில் செருகும் கேசட்டுகள், பிறகு டிஸ்குகள். பிரான்சில் இருக்கும் சித்தப்பா குடும்பம் லீவுக்கு வரும்போதெல்லாம் தங்கள் பிள்ளைகளுக்குச் சலித்துப்போனதை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து என் தலையில் கட்டுவார்கள். எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். எனக்கோ பிரெஞ்சில் ஜெபங்கள் மட்டும்தான் தெரியும். ஆகவே பாதி விளையாட்டுகளில் எதிரியைச் சுட வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்பதே எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் சீட்டு ஒட்டி அடுக்கினேன். சில மெஷின்கள் செத்துப்போய்ப் பல காலம் ஆகியும் அவற்றின் டிஸ்குகளைத் துடைத்துவந்தேன். எங்கள் வீட்டில் கீழே இருப்பது ஒரு ஹாலும், குளியலறையோடு சேர்ந்த ஓர் அறையும். அந்த அறையில் கேம்கள் இருந்தன. அப்பா மாடியில், சிமென்ட் ஷீட் போட்ட அறையில் இருந்தார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

வலது கையும் காலும் போய், வாயும் கொஞ்சம் கோணிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை அழைத்துப்போகலாம் என்றார் டாக்டர். மாடி ஏற முடியாது, பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும், நாலு பேர் பார்க்காமல் துணி மாற்ற ஒரு கதவு வேண்டும். அப்பா பனியனோடுகூடத் தெருவாசலில் நிற்காத மனிதர். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நானும், ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா ரெஜினாவும்தான் அவருக்கு.

அறையைப் பார்க்க வந்த அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்க இடமிருந்தால் வந்திருப்பாள்.

"இதெல்லாம் எடுத்து மேல அப்பா ரூம்ல போடு."

"மேல ஷீட்டு சூடு அக்கா. டிஸ்க்கெல்லாம் வளைஞ்சிடும்."

அக்கா தலையைத் தூக்கி மாடிப் பக்கம் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா அதுல மனுஷன் படுத்திருந்தாரேடா. அவரு வளையலயா?"

"பாதியக் கழிச்சிடறேன். மீதியச் செவுத்தோரமா அடுக்கிட்டா கட்டில் போட்டுடலாம்" என்றேன். அக்கா போகும்போது, "வியாழக்கிழம" என்று மட்டும் சொன்னாள்.

வேண்டியது, வேண்டாதது என்று பிரிக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் முழுக்கப் பிரித்ததில் வேண்டாத பக்கம் நாலே டப்பா சேர்ந்தது. வருஷா வருஷம் வெளிவரும் ஒரே கால்பந்து விளையாட்டு என்னிடம் ஒரு வரிசையே இருந்தது. ஜெர்சி நிறத்தைத் தவிர வித்தியாசமில்லை. ஆனால் வரிசையில் ஒன்றை எடுத்தால் வரலாற்றில் ஓட்டை விழுமே என்று திரும்ப வைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா இடது கையால் கஞ்சியை எடுத்து வாயைத் தவறவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். வீட்டுக்கு வந்து கால்பந்து வரிசையை அப்படியே பெட்டியில் போட்டேன். அதன்பின் கை கொஞ்சம் வேகமாக ஓடியது. ஒரு மீன்பிடி விளையாட்டு வந்தபோது மட்டும் தயங்கினேன். படகில் ஒரு கிழவர், கையில் பெரிய மீன் என்று அழகான அட்டை. ரிட்டயர் ஆனபின் அப்பா பூசை முடிந்து ஞாயிறுதோறும் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு போவார். ஒரு நாளும் அந்த அளவில் மீன் கொண்டுவந்ததில்லை. அதையும் போட்டேன்.

ஞாயிறு சந்தையில் பழைய சாமான் போடுகிற ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினேன். ஒரு டிஸ்கை எடுத்து அதில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "அட்டப் பொட்டி மட்டும் எடுத்துக்கட்டா சார்? பொட்டி நல்லாருக்கு" என்றார்.

அப்போதுதான் தொம்போலா ஞாபகம் வந்தது. எங்கள் பங்குத் திருவிழாவில் கொடியேற்றத்துக்கு அடுத்தபடியாக ஜனங்கள் மதிப்பது அந்தச் சீட்டுக் குலுக்கலைத்தான். வீட்டுக்கு வீடு பொருள் வாங்கி அதைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்பார்கள். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து டிரம்மைச் சுற்றி எண்ணைத் தமிழிலும் பிரெஞ்சிலும் கூவுவது அப்பாதான். இந்த வருஷம் அவர் இடத்தில் பெர்னார் அண்ணன். கோயில் பாடகர் குழுவில் இருப்பவர், அப்பாவின் சிஷ்யர்.

"பரிசு கொறச்சலா இருக்கு தம்பி. எல்லாரும் பிளாஸ்டிக் குடந்தான் தராங்க" என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். "நீ குடு. முசே வூட்டுப் பொருள்னா ஜனங்களுக்கு ஒரு மரியாத இருக்கும்." (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, இங்கே அப்பா. எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை.)

டெம்போவில் ஏற்றி அனுப்பினேன். டப்பாக்களில் நான் ஒட்டிய சீட்டுகளைக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் வாங்கிய நாள் தெரியாத பொருள் அநாதை அல்லவா? பரிசு பெறுகிறவர் அதன் பூர்வீகத்தை அறிந்து மகிழட்டும் என்று விட்டுவிட்டேன். தேதியைப் பற்றி மட்டும் யோசித்தேனே தவிர, சீட்டின் மற்ற வரிகளை நான் படித்துப் பார்க்கவில்லை. நான் எழுதியதுதானே என்ற அலட்சியம்.

திருவிழா ஞாயிறன்று நான் வார்டில் இருந்தேன். பெர்னார் அண்ணன் போன் செய்தார். "எல்லாம் போயிடிச்சி தம்பி. ஒன்னு பாக்கியில்ல."

அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கோணிய வாயால் மெதுவாகக் கேட்டார்: "யாருக்கு வுழுந்துது? பாவம்."

அன்று காலையே வாடகைக் கட்டிலை அறையில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, தலைமாட்டில் மாதா படமும் வைத்திருந்தேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுச் சகாயமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதன்பின் வியாழன் வரை எனக்கு வேலைக்கும் வார்டுக்கும்தான் நேரம் சரியாக இருந்தது. வீட்டுப் பக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து நின்றார்கள். அப்பா கண்களை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரை இருவர் பிடித்திருக்க, அக்கா முன்னால் போய் அறைக் கதவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

கட்டில் தெரியவில்லை. கட்டில் இருந்த இடத்தில், வெள்ளை விரிப்பின் மேல், தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை டப்பாக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே இன்னொரு விரிப்புப் போர்த்தியிருந்தது, தூசி படாமலிருக்க. கட்டில் கொள்ளாதது தரையிலும் ஜன்னல் வரைக்கும் இருந்தது. ஆங்காங்கே அப்பாவுக்கென்று வந்தவர்கள் வைத்த ஆப்பிள் பைகள், சத்துமாவு டப்பாக்கள்.

பின்னாலிருந்து சகாயமேரி அக்காவின் குரல் நிம்மதியாக வந்தது.

"எல்லாம் பத்திரமா அடுக்கி வெச்சிட்டேன் தம்பி. ஒன்னுகூட ஒடையல. திங்கக்கெழமலேந்து ஜனங்க வந்துனே இருக்காங்க. முசே வூட்டு சாமான் எப்பிடியோ தொம்போலாவுல கலந்துடிச்சாம். உள்ள அட்ரஸ் போட்டு, திருப்பித் தரலன்னா மனசாட்சி கேக்கும்னு எழுதியிருக்காமே. ஆஸ்பத்திரில கெடக்கற மனுஷன் பொருள வெச்சிக்கினா வெளங்குமான்னு பயந்துட்டாங்க."

ஸ்ட்ரெச்சர் பிடித்தவர்களில் ஒருவர், "சார், கை வலிக்குது, எங்க எறக்கறது?" என்றார். நான் கட்டிலில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ள முயன்று, கால்பந்து வரிசை முழுவதையும் வாசற்படியில் கொட்டினேன். ஸ்ட்ரெச்சர் அதைத் தாண்ட முடியாமல் நின்றது.

அப்பா கண்ணைத் திறந்து, போர்வை மூடிய கட்டிலைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை, கட்டில் காலி இல்லையென்று வராந்தாவில் கிடத்தப்பட்டவர் அவர்.

"உள்ள ஆளு இருக்கு போல," என்றார். "என்ன ஹால்ல போடு."

ஹாலில்தான் போட்டோம், மாடியிலிருந்து இறக்கிய அவருடைய பழைய கட்டிலில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், தெருவாசலுக்கு நேரே. அக்கா ஒரு பழைய சேலையை நடுவில் திரையாகக் கட்டினாள். காற்றடித்தால் அது ஒதுங்கும்.

அடுத்த ஞாயிறுக்குள் எல்லா டப்பாக்களையும், வேண்டியது வேண்டாதது பார்க்காமல், மாடிக்குச் சுமந்தேன். (வளையட்டும் என்றுதான்.) சுமக்கும்போதே கணக்குப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. தொம்போலாவுக்குப் போனதைவிட ஒன்று அதிகமாக வந்திருந்தது. என்னுடையதல்லாத, சீட்டில்லாத டப்பாக்கள் இரண்டு இருந்தன. யாரோ தங்கள் வீட்டுக் குப்பையையும் சேர்த்துக் கழித்திருக்கிறார்கள். எப்படிக் கழிப்பது என்று எனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருக்கிறது. என்னுடையவற்றில் ஒன்று மட்டும் வரவில்லை. அந்த மீன்பிடி விளையாட்டு.

"அப்பா, மீன் படம் போட்ட டப்பா யாராவது குடுத்தாங்களா?"

"நான் என்னா மீன் மார்க்கெட்டா வெச்சிருக்கேன்?"

அறையைக் கழுவி, வாடகைக் கட்டிலைத் திரும்பப் போட்டு, அவரை அழைத்தேன். அப்பா வர மறுத்தார். கெஞ்சினேன். அக்காவும் சொல்லிப் பார்த்தாள். "வேணாம். உள்ள இருக்கற பேஷன்ட எழுப்பாதீங்க" என்றார். பார்க்க வருகிறவர்கள் ஏன் முசேவை வாசலில் போட்டிருக்கிறீர்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொள்வார்: "ரூம்ல வேற ஆளு இருக்காங்க. என்ன வுட சீரியஸ் கேஸ்." வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். காலிக் கட்டில் இருக்கும். அதன்பின் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வாய் கோணியபின் அப்பா பேசியது குறைவு. அந்தக் குறைவான பேச்சிலும் பெரும்பகுதியை இதற்கே செலவழித்தார். எனக்கு அது தண்டனையா, மன்னிப்பா என்று அப்போது தெரியவில்லை. அந்தத் திரை விலகும்போதெல்லாம் அவர் தெருவைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

அடுத்த தவக்காலத்தில் அப்பா அந்த ஹாலிலேயே இறந்தார். கடைசிவரை அறைக்குள் போகவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் அந்த அறைக்கு வார்டு என்றுதான் பெயர். நான் சேதராப்பட்டிலிருந்து திரும்பி உடம்பு முடியாமல் போய்ப் படுத்தால், அக்கா போனில், "கட்டில் காலியா இருந்துதா?" என்று கேட்கிறாள். அவள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இது சிரிப்பு. அக்காவுக்கும் இப்போது சிரிப்புதான் என்று நினைக்கிறேன். மாடியில் டிஸ்குகள் ஒன்றும் வளையவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மீன்பிடி டப்பா பற்றி ஒரு தகவல் உண்டு. முதலாண்டு நினைவுப் பூசையன்று அக்கா சொன்னது. திருவிழா முடிந்த சில நாளில் பெர்னார் அண்ணன் அதைக் கொண்டுவந்து அப்பா கையிலேயே கொடுத்தாராம். அப்பா அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாராம். பழகின தலையணை என்று அதையே அக்கா சவப்பெட்டிக்குள் அவர் தலைக்குக் கீழே வைத்தாள். வைக்கும்போது ஓரத்தில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது என்கிறாள். பெர்னார் அண்ணனைக் கேட்டேன். தான் கொடுத்தது சத்துமாவு மட்டும்தான் என்கிறார்.

இரண்டில் எது சரி என்று நான் உறுதி செய்யவில்லை. உறுதி செய்ய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கல்லறையைத் திறக்கப் பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டும், நான் கேட்கப்போவதில்லை. உள்ளே ஆள் இருக்கிறது.