காயட்டும் அண்ணாச்சியும் ஒரு கறுப்பு டாக்ஸியும்

குற்றாலச் சீசனை வாய்விட்டுத் திட்டிய மனிதப் பிறவி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் காயட்டும் அண்ணாச்சி. ஜூன் மாதம் மேற்கே மலையில் மேகம் இறங்கி முதல் சாரல் ஊருக்குள் விழுந்ததும், தென்காசியே வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பஜ்ஜிக் கடைக்காரர் சிரிப்பார், லாட்ஜ்காரர் சிரிப்பார், கடன் கொடுத்தவர்கூடச் சிரிப்பார். அண்ணாச்சி மட்டும் ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு, “வந்துட்டான்யா, பெயிண்ட்டைக் கெடுக்கதுக்குன்னே!” என்பார். வந்தவன் வருண பகவான்.

அண்ணாச்சிக்குப் பிழைப்பு ரத்தம் எடுப்பது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேப். அவர் டெக்னீஷியன், நான் வாசலில் உட்கார்ந்து பில் போடுகிறவள். பிழைப்பு போக மிச்சமிருந்த உயிர் மொத்தத்தையும் அவர் குட்டிக் கார் செய்வதில் விட்டிருந்தார். பொம்மைக் கார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு மூன்று நாள் அவர் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் கிடந்திருக்கிறேன். நிஜக் காரை டேப் வைத்து அளந்து, எல்லா அளவையும் இருபத்துநாலால் வகுத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பார். ரத்தம் பிடிக்கிற குழாயின் ரப்பர் மூடி டயராகும். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குமிழ் ஹெட்லைட் ஆகும். ஆஸ்துமாக்காரர்கள் ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதைப் பிரித்து, பெயிண்ட் தெளிக்கிற துப்பாக்கிக்குக் காற்று கொடுக்க வைத்துக்கொண்டார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். “அண்ணாச்சி, சாப்பிட வாறீயளா?” என்றால், “காயட்டும்மா” என்பார். “உங்க மச்சினனுக்குக் கல்யாணமாம்லா, எப்பம் போறீய?” என்றால், “காயட்டும், போவோம்” என்பார். மச்சினனுக்குக் கல்யாணமும் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. பெயிண்ட் காய்ந்ததாகத்தான் தகவல் இல்லை.

ஊருக்கெல்லாம் காயட்டும் என்று சொல்கிற அந்த மனிதருக்கு, காயும்வரை ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின்அறைக்கு ஓடிப் பார்ப்பார். ஊசியைக் கையில் எடுத்தபிறகும் ஓடுவார். “கையை மடக்கி வச்சிக்கிடும்வே, இந்தா வந்துட்டேன்” என்று போனால் போனதுதான். வெறும்வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், இவர் திரும்பி வருவதற்குள் பசி தாங்காமல் எதிர்க்கடையில் நாலு இட்லியைத் தின்றுவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை எகிறிவிட்டது. லேபை நடத்துகிற டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். எங்கள் லேபில் அண்ணாச்சி செய்கிற தப்புக்குத் திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஜூன் மாதக் கடைசியில் இஸ்மாயில் வந்தார். அச்சன்புதூர்க்காரர், அண்ணாச்சியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். சவுதியில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. அதற்கு முன்னால் குற்றாலம் ஸ்டாண்டில் சொந்தமாக டாக்ஸி வைத்திருந்தவர். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை, பழைய அம்பாஸடர். விசாவுக்காக அதை விற்றார். வாங்கியவர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்.

“ஏலே, நாலு பேரு தங்குத ரூம்ல எனக்குன்னு இருக்கது அலமாரியில ஒரு தட்டுதாம்லே” என்றார் இஸ்மாயில். “அதுல என் வண்டி நிக்கணும். நீ செஞ்சு தருவியா?”

ஒரே ஒரு போட்டோவை நீட்டினார். இருபத்தெட்டு நாளில் திருவனந்தபுரத்தில் விமானம். அதற்குள் முடியாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் அந்தத் தட்டு காலியாகத்தான் கிடக்கும்.

அண்ணாச்சி போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முடிச்சிருவோம்லே” என்றார். காயட்டும் என்று சொல்லவில்லை. எனக்கே பகீரென்றது.

பதினைந்து நாளில் வண்டி உருவாகிவிட்டது. கதவு திறந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. கறுப்பு அடித்த அன்றைக்கு சாரல் பிடித்துக்கொண்டது பாருங்கள், விடவே இல்லை. ஈரக்காற்றில் கறுப்புப் பெயிண்ட் பூத்துப்போகும். மை மாதிரி இருக்க வேண்டியது சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி பூத்தது. மூன்றாம் முறையும் பூத்தபோது மனிதர் வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துக் கையை நீட்டி, “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலை பின்அறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. “இங்க வாங்க. எல்லாரும் வாங்க.” கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் திறந்து கிடந்தது. முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில், வட்டத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு அம்பாஸடர் நின்றது.

“இது என்ன, யூரின் கல்ச்சரா, ஸ்டூல் கல்ச்சரா?” என்றார் டாக்டரம்மா.

“அங்கன மட்டும்தான் டாக்டர் ஈரம் இல்ல” என்றார் அண்ணாச்சி. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். வேலை போகாமல் தப்பியது அவருடைய முன்னோர் செய்த புண்ணியம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, என் மதினி திருவேங்கடத்துல இருக்கா. அங்க மழையாவது ஒண்ணாவது, வெயிலு மண்டையப் பொளக்கும். மூணு நாள் லீவு போட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டேன். பேச்சுக்குத்தான் சொன்னேன். மத்தியானம் பார்த்தால் ஆளைக் காணோம். திருவேங்கடத்திலிருந்து ஜனங்கள் பஸ் பஸ்ஸாக நனைவதற்குக் குற்றாலம் வந்துகொண்டிருக்க, ஒருத்தர் மட்டும் வண்டியை வைத்த கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காய்வதற்காக எதிர்த்திசையில் போயிருக்கிறார்.

சாயந்திரமே மதினியிடமிருந்து போன். “ஏட்டி, யாரை அனுப்பி வச்சிருக்க? மாடியில வத்தல் காயப் போட்டிருக்கேன், கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். காக்கா வந்து வத்தலைத் தூக்கிட்டுப் போகுது, இவரு காருக்குக் கொடை பிடிச்சிட்டு நிக்காரு! சாப்பாட்டு மூடியை எடுத்து அதுக்கு மேல கவுத்திருக்காரு. நான் மாடி ஏறினா, மெல்ல நடங்கம்மா, தூசி எந்திக்கும்ங்காரு. என் வீட்டு மாடியிலட்டி!”

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். முகம் கருத்துப்போயிருந்தது. ஆனால் அந்த வண்டி இருந்ததே, அம்மாடி! குனிந்தால் என் மூக்குத்தி அதில் தெரிந்தது. போட்டோவில் இருந்த மாலையைக்கூட நூலில் கட்டப் போனார். நான்தான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். விமானத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

இஸ்மாயில் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அண்ணாச்சி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

“நல்லாருக்குலே. கண்ணுல ஒத்திக்கிடலாம்” என்றார் இஸ்மாயில் கடைசியில். “ஆனா இது என் வண்டி இல்லலே.”

“என்னது?”

“இது யாரோ பணக்காரன் வண்டி மாதிரி இருக்கு. என் வண்டிக்கு இடது கதவு டொக்கு விழுந்திருக்கும், இலஞ்சி வளைவுல மாடு முட்டுனது. பின்னால ஒரு லைட்டுக்குக் கம்பி கட்டிருப்பேன். சீசன்ல பாதி வண்டி சேறாத்தான் இருக்கும். மேல கேரியர்ல எவனாவது ஈரத்துண்டைக் காயப்போட்டுருப்பான். நீ போட்டோவப் பாத்துச் செஞ்சிட்ட. அது வாங்குன அன்னைக்கு எடுத்ததுலே.” சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “விடு, இதுவே போதும். பெட்டியில வச்சுத் தா.”

அண்ணாச்சி டப்பாவை மூடினார். “தர முடியாது” என்றார்.

பிறகு இரண்டு நாள் லேப் லேபாக இல்லை. “கம்பெனியில இருந்து எறக்குன மாதிரி செஞ்சு குடுத்தா, டொக்கு விழுந்த வண்டி வேணுமாம்மா அவனுக்கு! நான் இத்தனை வருசமா ஒரு தூசி விழுந்தா அழுதவன். என்னைப் போயி சேத்தைப் பூசுங்கான்!” என்று ரத்தம் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் நியாயம் கேட்டார். ஊசி கையில் இருந்ததால் எல்லோரும் அவர் பக்கமே பேசினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், வாசலில் ஆறு பேர் காத்திருக்க, மனிதர் காணாமல் போனார். ஒரு மணி நேரத்தில் எனக்குப் போன். ஐந்தருவி வண்டி நிறுத்தத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசினார். ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி முட்டிவரை சகதியோடு நின்றார். சுற்றிலும் வேன் டிரைவர்கள்.

“இவரு உங்க ஆளாம்மா? ஒவ்வொரு வண்டிக்கும் அடியில படுத்து போட்டோ எடுக்காரு. பிரேக்கைக் கழட்டுதாரோன்னு பயந்துட்டாங்க. என்னன்னு கேட்டா, சேறு எதுவரைக்கும் தெறிக்கும்னு பாக்கேன்ங்காரு. ஆளு நல்லாத்தான் இருக்காரா?” என்றார் போலீஸ்காரர்.

“நல்லா இல்ல சார். ஆனா யாருக்கும் தொந்தரவு கிடையாது” என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணாச்சி என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். “பின்சக்கரத்துச் சேறு மேல பாத்துப் போகுதும்மா, முன்சக்கரத்துது கதவுப் பக்கமா சாயுது. ரெண்டும் ஒரே மாதிரின்னு நெனச்சிட்டேன், பாரு.” எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. வாசலில் ஆறு பேர், டாக்டரம்மா வேறு வந்திருப்பார். இவருக்குச் சேறு சாய்கிற திசை தெரியவில்லையாம்!

விமானத்துக்குப் போகிற நாள் விடிந்தது. இஸ்மாயிலின் குடும்பம் மொத்தமும் ஏறியிருந்த வேன் லேப் வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சி டப்பாவோடு ஓடினார். இஸ்மாயில் மூடியைத் திறந்தார்.

இடது கதவில் டொக்கு இருந்தது. சூடுபடுத்திய ஊசியால் அமுக்கியது. பின்விளக்கில் முடிபோல ஒரு கம்பி. சலித்த செம்மண்ணைப் பசையில் குழைத்து, சக்கரத்துக்குப் பின்னால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கவிட்டிருந்தார். கேரியரில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

இஸ்மாயில் அந்த டொக்கை விரலால் தடவினார். “மாடு முட்டுன இடம்” என்றார், வேனுக்குள் இருந்த மனைவியைப் பார்த்து. பிறகு அப்படியே அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டார். வேனில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான்.

“அமுக்காதலே, அமுக்காத! இன்னும் காயல!” என்று அண்ணாச்சி டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

பத்து நாள் கழித்து இஸ்மாயில் என் போனில் வீடியோ காலில் வந்தார், அண்ணாச்சியிடம் பட்டன் போன்தான். எண்ணெய்ப் பாட்டிலும் துவைத்த பனியனும் அடைத்த அலமாரியில், ஒரு தட்டில் மட்டும் அந்த வண்டி தனியாக நின்றது.

“வந்த அன்னைக்கே ஈரத்துணி வச்சுத் தொடச்சு வச்சேம்லே” என்றார் இஸ்மாயில்.

“ஏலே கூறுகெட்டவனே! அது நான் போட்ட சேறுலே! தொடைக்காதலே!” எங்கள் வாசலில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

“கத்தாத, கொஞ்சந்தான் போயிருக்கு. மிச்சம் அப்படியே இருக்கு.”

அண்ணாச்சி மூச்சு வாங்கினார். பிறகு திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “டிக்கியை ஏன்லே சுவரு பக்கமா வச்சிருக்க? கம்பி கட்டுன லைட்டு தெரியவே இல்லையே.”

“ரிவர்ஸ் எடுத்துப் போட்டிருக்கேம்லே. மூஞ்சி வாசலைப் பாத்து இருக்கணும். ஸ்டாண்டுல எப்பவும் அப்படித்தாம்லா போடுவோம். ஊருக்குன்னு கூப்பிட்ட உடனே கெளம்பணும்லா.”

அண்ணாச்சி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ரத்தம் எடுக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உள்ளே ஓடவில்லை, எழுந்திருக்கவில்லை, மழையைக்கூடத் திட்டவில்லை. ஒரு ஆளின் காரை இருபத்துநாலில் ஒன்றாகச் சுருக்கி, முழுக்காராகவே அவர் கையில் கொடுத்துவிட்ட மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை எத்தனையோ வருஷம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர்மேல் பொங்கிவந்த பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. எதிர்க்கடைக்குப் போய், சீனி தூக்கலாக ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.