உங்கள் மருமகள் நீலமான விபரம்

யேசு மரி சூசை துணை

பலெர்மோ,
மே 27.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரிய மச்சான் அல்பேட் அவர்கட்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை செலஸ்ரீனாவும் நலம். உங்கள் மருமகள் லக்ஷனா நீலம். அங்கு லண்டனில் நீங்களும் மச்சாளும் குறையொன்றுமின்றி இருக்க மன்றாடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் ஏசி முடிக்கும்வரை எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் உங்களுக்குக் குடியுரிமை கிடைத்ததும் வாட்ஸப்பில் பெயருக்குக் கீழே 'பிரிட்டன்' என்று போட்டீர்கள். நாட்டின் பெயரையல்ல, ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை. உங்கள் மருமகள் அதைத் தன் ஆங்கில ரீச்சரிடம் கேட்டாள். ரீச்சர் சொன்ன விளக்கம்: ரோமர் வருமுன்னரே அந்தத் தீவிலிருந்த கெல்ற்றியச் சனம்தான் ஆதி பிரிட்டன்மார். பிறகு ஆங்கிலேயர் வந்து அவர்களை மேற்கே தள்ள, சொல்லும் தூசிபிடித்துக் கிடந்தது. பல நூறு வருடம் கழித்து இராச்சியங்கள் ஒன்றானபோது அதைத் தட்டியெடுத்து எல்லாருக்கும் சூட்டினார்களாம். இப்போது பேப்பர்காரர்தான் கூடப் பாவிப்பது, தலைப்பில் இடம் மிச்சம். பஸ்சுக்கு நிற்கும் ஒருவரும் தன்னை அப்படிச் சொல்வதில்லையாம். ஆக, அகராதியில் முதற்பொருள் அவர்கள், இரண்டாம் பொருள் நீங்கள். கோபிக்கவேண்டாம், நான் சொல்லவில்லை.

அந்த ரீச்சரே சனிக்கிழமை பள்ளிக்கூட நாடகத்தில் லக்ஷனாவைப் பிரிட்டன்மாரின் இராணியாக்கிவிட்டார். அந்தக் காலத்தில் அவர்கள் சண்டைக்கு முன் உடம்பில் நீலம் பூசுவார்களென்று ரோமர் எழுதிவைத்திருக்கிறார்களாம். நீலமென்றால் என்னைவிட ஆர்? இருபத்துநாலு வருசமாய்ச் சிஞ்ஞோராமாரின்ரை, இந்த ஊர் அம்மாமாரின்ரை, உடுப்புத் தோய்ச்சு அயன் பண்ணுற கை இது. போர்கோ வெக்கியோச் சந்தையில் துணிச்சாயம் வாங்கி, கஞ்சியில் குழைத்து, வேர்வைக்குக் கரையக்கூடாதென்று, புதுச்சீலைக்குப் போடுமாப்போல உப்பும் வினாகிரியும் விட்டேன். பிள்ளை மேடையில் நின்ற வடிவைப் பார்க்கவேணுமே! ரோமனாய் நடித்த பெடியன் உண்மையாகவே பயந்துபோனான்.

ஞாயிறு காலமை பார்த்தால் முகம் அதே நீலம். எலுமிச்சம்பழம், தயிர், ஒலிவ் எண்ணெய், கடைசியில் சட்டி தேய்க்கிற நார். தேய்க்கத் தேய்க்க வெளுக்கும். "முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்" என்று பிள்ளை குளியலறைக்குப் போய்வந்தால் பழையபடி நீலம்! உங்கள் தங்கை, "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு நிறம் திரும்பினா நீங்கள் வெறுங்காலோடை மலை ஏறுவியள் எண்டு சாந்த ரோசலியாவுக்கு நேர்ந்திட்டன்" என்றாள். சாந்த ரோசலியா இந்த ஊர்ப் பாதுகாவலி, கோயில் மலையில். நேர்ந்தது அவள், கால் என்னுடையது. இந்த நிலைமையில்தான் நீங்கள் ஒழுங்குபண்ணிய லண்டன் கல்லூரியின் வீடியோ நேர்முகம். அந்த அம்மணி இவளைக் கண்டதும், முதலில் வைத்தியரிடம் போகச்சொல்லி அழைப்பை வெட்டிவிட்டார். "நான் ஒரு பிரிட்டன், என்ரை மானத்தை வாங்கிப்போட்டியள்" என்று நீங்கள் கத்த, பின்னாலிருந்து "மாமா, ஒறிஜினல் நான்தான்" என்று அவள் சொன்னதற்கு மன்னிக்கவும்.

மச்சான், எனக்கு நேர்முகத்தைவிடப் பயம் திங்கட்கிழமைக்குத்தான். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பத்தொன்பது. அதற்கு முன் நகரசபைக்கு நேரில் போய், இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டுமென்று வாயால் சொல்லிக் கையொப்பம் வைக்காவிட்டால், இஞ்சை பிறந்த பிள்ளைக்கு இருக்கிற அந்த உரிமை போச்சு. நாங்கள் பெர்மெஸ்ஸோவுக்கு, அந்த வதிவிட அனுமதிக்கு, வரிசையில் நின்று கால் வீங்கினது போதாதா? எங்களுக்கு நகரசபை தந்த நாள் திங்கள். அங்கே அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரினா, இந்தப் படத்திலை இருக்கிறது நீங்கள்தானோ?"

"ஓம். இண்டைக்கு மட்டும் பழைய பிரிட்டன்."

"பிரித்தானியர் எண்டா வேறை வரிசையெல்லோ!"

எனக்குச் சீவன் போய்விட்டது. குறுக்கே விழுந்து, கஞ்சி, உப்பு, வினாகிரி எல்லாம் என் இத்தாலியனில் ஒப்புவித்தேன். "வினாகிரியும் விட்டனீரோ? அப்ப போகாது" என்று அந்த மனுசன் என்னை மரியாதையோடு பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று மேசையிலும் வேலை நின்றுபோய், கறை போக்க அவரவர் தாய்மாரின் வழி என்னவென்று பெரிய தர்க்கம். பூட்டுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்க, அவர் பேனையை நீட்டினார். பிள்ளை எழும்பி நின்று, "எனக்கு வேணும்" என்று கணீரென்று சொன்னாள். நான் அழுதிட்டன் மச்சான். வெட்கமில்லாமல் அழுதனான்.

லண்டன் விசயத்தில் என் வாக்கு மாறாது. மறுதேதி கேளுங்கோ. செப்ரெம்பரில் அவளை அனுப்புவேன். செவ்வாய்க்கிழமை நேர்த்திக்கு மலை ஏறினேன், இன்று புதன், முகம் பளிச். காலில்தான் கொப்பளம். சாந்த ரோசலியா உங்கள் வீட்டாரையும் காப்பாளாக.

என்றும் உங்கள் தங்கையின் கணவன்,
ஜோக்கிம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் லக்ஷனா வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பப்பா, உங்கடை சாயம் சனிக்கிழமையே சவுக்காரம் போடப் போயிட்டுது. மிச்சத்தைப் போத்திலிலை வைச்சுப் பூசிக்கொண்டிருந்தது நான்தான். எனக்கு லண்டன் வேண்டாம், இஞ்சை பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டன்" என்கிறாள். திங்களும் ஏனடி பூசினாய் என்று கேட்டால், அன்றைக்கு வெளுத்திருந்தால் ஞாயிற்றுக் கள்ளம் பிடிபட்டிருக்குமாம். ஆகவே மறுதேதி கேட்கவேண்டாம். இருபத்துநாலு வருசத்தில் நான் போட்ட சாயம் வெளுத்தது இதுதான் முதல் தரம். உங்களிடம் சொல்லக் கூச்சமாயிருக்கு மச்சான், எனக்குச் சந்தோசம் தாங்கேலாமல் கிடக்கு.